துப்பாக்கிக்கும் உண்டு வருகைப் பதிவேடு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் நடத்திய டீச்சருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் எனக்கும் ஒன்றும் தெரியாது. என்னிடம் படித்த பையன் ஒருவன், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வந்தான். அந்த மனுவுக்காக 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளையும் உட்கார்ந்து படித்தேன். படித்ததை எல்லாம் எனக்குள்ளேயே வைத்திருப்பதில் பயன் இல்லை. நம் பக்கத்துப் பல வீடுகளுக்குத் தேவைப்படும் விஷயம் இது.

வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை என்று நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் ஒருவராவது இருப்பார். ஓய்வு பெறும்போது பலருக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருக்காது, அல்லது இப்போதுதான் தாண்டியிருக்கும். பிள்ளைகள் படிக்கிற வயது. பென்ஷன் மட்டும் போதாது. வங்கி, ஏ.டி.எம். பணம் கொண்டு போகும் வண்டி, நகை அடகுக் கம்பெனி இங்கெல்லாம் 'கன்மேன்' வேலை கிடைக்கும். ஆனால் அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் பணியில் இருக்கும்போதே உரிமம் வாங்கி, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது அவர்களுக்குள் வழக்கம்.

என் மாணவனும் அப்படித்தான் செய்தான். ஜம்முப் பக்கம் பணியில் இருந்தபோது அங்கேயே உரிமம் வாங்கினான். 2018-இல் ஊர் திரும்பினான். முறைப்படி முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்து ஒரு வங்கிக் கிளையில் காவலுக்குச் சேர்ந்தான். 2020-இல் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. அவன் உரிமம் உண்மையானதுதானா என்று, வழங்கிய ஊரிலிருந்து பதில் வரட்டும் என்றார்கள். பதில் வரவில்லை. உரிமக் காலம் முடிந்துவிட்டதால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தான். துப்பாக்கி இல்லாத கன்மேனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி எத்தனை நாள் வைத்திருக்கும்? இரண்டாம் மாதமே வேலை போனது.

"டீச்சர், இருபத்திரண்டு வருசம் அரசாங்கத்தோட துப்பாக்கிய வச்சிருந்தேன். ஒருத்தரும் சந்தேகப்படல. இப்ப என் துப்பாக்கிய நான் வச்சிருக்க நான் திருடனில்லைன்னு நிரூபிக்கணுமாம்" என்றான். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. கட்டணம் கட்ட வேண்டிய மாதம்.

அவன் கோபம் எனக்குப் புரிந்தது. அந்த அலுவலகம் தயங்கியதற்கும் ஒரு காரணம் இருந்தது. 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் தகுதி இல்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்ததாகப் புகார். அவற்றில் படைவீரர்கள் பெயரில் வாங்கியவையும் ஏராளம் என்று செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு, அந்தக் காலத்தில் அங்கே வாங்கிய எந்த உரிமத்தைப் பார்த்தாலும் இங்கே இருக்கும் அதிகாரிக்குக் கை நடுங்குகிறது. யாரோ செய்த திருட்டு, நேர்மையாக வாங்கியவன் தலையில் விடிந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சிலருக்கு விலக்கு தருகிறது. அரசு ஊழியர் தம் கடமையின்போது வைத்திருக்கும் ஆயுதத்துக்கு உரிமம் தேவையில்லை. தேசிய மாணவர் படை, பிராந்திய ராணுவம் இவற்றில் இருப்பவர்களுக்கும் கடமையின்போது அதே விலக்கு. கல்லூரியில் என்.சி.சி. பிள்ளைகள் பாயின்ட் 22 ரைபிளைச் சுடுகிறார்களே, அவர்களில் யாரிடமும் உரிமம் கிடையாது. தேவையும் இல்லை.

இதை வைத்து, படைவீரனுக்கு எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். விலக்கு அரசாங்கத் துப்பாக்கிக்குத்தான், அதுவும் கடமை நேரத்தில்தான். அதே வீரன் சொந்தக் காசில் ஒரு துப்பாக்கி வாங்கினால் நம்மைப் போலவே உரிமம் வாங்க வேண்டும். முகாமுக்குள்ளே இருந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி.

சரி, முகாமில் இருப்பவன் சொந்தத் துப்பாக்கியை எங்கே வைப்பான்? பெட்டியில் வைத்துக்கொண்டு படுக்க முடியாது. அதைப் படைப்பிரிவின் ஆயுத அறையில் ஒப்படைக்க வேண்டும். பட்டாளத்தில் அந்த அறையைக் 'கோத்' என்கிறார்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது. உரிமம் முடிந்துபோன துப்பாக்கியை அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற கடையிலோ, படையில் இருப்பவரானால் தம் பிரிவின் ஆயுத அறையிலோ ஒப்படைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு.

அதைப் படித்த அன்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, உன் துப்பாக்கிய வாங்கின புதுசுல எங்கப்பா வச்சிருந்த?"

"கோத்ல டீச்சர். வேற எங்க வைக்க முடியும்? வரும்போதும் எழுதுவாங்க, போகும்போதும் எழுதுவாங்க. நம்பர், உரிம நம்பர், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கும்."

"அந்த எழுத்து இப்பவும் இருக்குமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "பட்டாளத்துல பேப்பர தூக்கிப் போட மாட்டாங்க டீச்சர்" என்றான்.

அவன் பழைய படைப்பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது கட்டளை அதிகாரி கொடுத்த பரிந்துரைக் கடிதத்தின் நகல், ஆயுத அறைப் பதிவேட்டில் அவன் துப்பாக்கி இருந்த பக்கத்தின் நகல் இரண்டையும் கேட்டோம். ஏழு வாரத்தில் இரண்டும் வந்தன. அதே துப்பாக்கி எண், அதே உரிம எண், அதே தேதி. அவற்றை இணைத்து மறுபடி மனு கொடுத்தோம். மொத்தம் பதினொரு மாதம் ஆனது. உரிமம் புதுப்பிக்கப்பட்டது, துப்பாக்கி திரும்பி வந்தது. வங்கி வேலை மட்டும் திரும்பவில்லை. இப்போது ஒரு நூற்பாலை வாசலில் கம்போடு நிற்கிறான். இரட்டைக் குழல் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு பதிவேடு என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்தது அப்போதுதான். முப்பத்து நான்கு ஆண்டு பதிவேடு எழுதியவள் நான். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சலித்துக்கொள்ளாத ஆசிரியர் உண்டா? எங்கோ ஒரு பாசறையில் ஒரு நாயக், சலிப்போடுகூட, சரியாக எழுதி வைத்த ஒரு வரி, பல ஆண்டு கழித்துத் திண்டுக்கல்லில் ஒருவனைத் திருடன் இல்லை என்று காட்டியது.

அவன் அடிக்கடி வீட்டுக்கு வருவான். துப்பாக்கி சுடும் தளத்தைப் பற்றி ஒருநாள் விவரமாகச் சொன்னான். தளத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு துப்பாக்கியும் எண் பார்த்து வெளியே எடுக்கப்படும். தோட்டாக்கள் எண்ணிக் கொடுக்கப்படும். சிவப்புக் கொடி ஏறும். ஓரங்களில் காவல் நிற்கும். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். கொடுத்ததும் திரும்பியதும் ஒத்துப்போக வேண்டும். "ஒரு காலி குறைஞ்சாலும் விட மாட்டாங்க டீச்சர். ராத்திரி டார்ச் அடிச்சு மண்ணச் சலிச்சுத் தேடியிருக்கோம். அப்புறம் ஒவ்வொருத்தனும் என்கிட்ட தோட்டாவும் இல்ல, காலியும் இல்லன்னு வாய்விட்டுச் சொல்லணும்" என்றான். சொந்தத் துப்பாக்கியை அங்கே கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "எங்க யூனிட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்று சிரித்தான்.

இந்த இடத்தில் எனக்கு நார்த்தாமலை ஞாபகம் வந்தது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது நார்த்தாமலை. விஜயாலய சோழீஸ்வரம் பார்க்க நம்மில் பலர் போயிருப்போம். அதன் அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையன் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. தளம் தற்காலிகமாக மூடப்பட்டது.

11 வயது என்றால் ஐந்தாம் வகுப்பு அல்லது ஆறாம் வகுப்பு. என் வகுப்பில் இருந்த வயது. அரையாண்டு விடுமுறை நாட்கள் அவை. செய்தி படித்த அன்று என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

படைகளில் துப்பாக்கிக்கு எண் உண்டு. அதை யார் கையில் கொடுத்தார்கள் என்பதற்குக் கையெழுத்து உண்டு. எத்தனை தோட்டா போனது, எத்தனை காலி திரும்பியது என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு காலிக் கூட்டுக்காக ராத்திரியில் மண்ணைச் சலிக்கிறார்கள். ஆனால் தோட்டாவின் முன்பகுதி, அந்த ஈயமும் செம்பும், எங்கே போய் விழுந்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை. மண்மேட்டில் புதைந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் இருக்கிறது. மேடு போதுமான உயரம் இல்லை என்றாலோ, பாறையில் பட்டுத் திசை மாறினாலோ, குறி கொஞ்சம் உயர்ந்தாலோ அந்த நம்பிக்கை உடைகிறது. ரைபிள் தோட்டா இலக்கைத் தவறவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

சத்துணவில் முட்டைக் கணக்கு எழுதியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வந்த முட்டை, வேகவைத்த முட்டை, மீதி முட்டை எல்லாம் நோட்டில் ஒத்துப்போகும். பிள்ளை அதைச் சாப்பிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். தளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு யாராவது அப்படிப் போய்ப் பார்க்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. ராணுவம் திறந்த வெளியில் சுடுவதற்கு அரசு ஒரு பகுதியை அறிவிக்க வேண்டும், மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ஜார்க்கண்டில் நேதர்ஹாட் என்ற இடத்தில் இந்தச் சட்டப்படி பெரிய பகுதியை அறிவித்திருந்தார்கள். சுற்றியுள்ள ஆதிவாசி மக்கள் 1994-இல் இருந்து எதிர்த்து நின்றார்கள். கடைசியில் 2022 ஆகஸ்டில், அறிவிப்பை இனி நீட்டிப்பதில்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு அந்த மக்கள் விடாமல் கேட்டதால் நடந்தது.

நான் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாணவனைப் போன்றவர்கள் எல்லையில் நிற்கும்போது குறி தவறக் கூடாது. அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி நாள் எது என்று பக்கத்துப் பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுத்தில் தெரிய வேண்டும். மண்மேட்டை ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் அளந்து, அந்த அறிக்கையைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஊர் வளர்ந்து தளத்தை நெருங்கிவிட்டதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

வெளிநாட்டிலும் பதிவேட்டின் எல்லை இதுதான். அமெரிக்காவில் சாதாரண மக்கள் துப்பாக்கி வாங்குவது எவ்வளவு எளிது என்று நமக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் ராணுவ முகாமுக்குள் சொந்தத் துப்பாக்கி கொண்டுவந்தால் முகாமில் பதிவு செய்ய வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஹூட் முகாமில் 2009 நவம்பரில் ஒரு ராணுவ மருத்துவரே சொந்தக் கைத்துப்பாக்கியால் 13 பேரைச் சுட்டுக் கொன்றார். அதே முகாமில் 2014 ஏப்ரலில் இன்னொரு வீரர் 3 பேரைக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் துப்பாக்கி முகாமில் பதிவு செய்யப்படாதது. விதி இருந்தது. கெட்ட எண்ணத்தோடு வருபவன் வாசலில் நின்று கையெழுத்துப் போட மாட்டான். பதிவேடு நல்லவனைக் காப்பாற்றும், நடந்த பிறகு உண்மையைச் சொல்லும். நடக்காமல் தடுக்க, பதிவேட்டோடு கண்ணும் வேண்டும்.

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் பழைய உறவு உண்டு. மலைக்கோட்டையில் துப்பாக்கி, வெடிமருந்து வைத்த அறைகளை இன்றும் பார்க்கலாம். ஐதர் அலி 1755-இல் இங்கே வந்து படையைப் பெருக்கினார். விருப்பாச்சி கோபால் நாயக்கர் திண்டுக்கல் கூட்டணி அமைத்து வெள்ளையரை எதிர்த்து, 1801-இல் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர் போர் முடிந்ததும் அவர்களுடைய கோட்டைகளை இடித்து, ஆயுதங்களையும் பறித்தார்கள். பிறகு 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு ஒரு நீதி, ஐரோப்பியர்களுக்கு ஒரு நீதி என்று வைத்தது. அந்தக் காலத்தில் பதிவேடு, ஆள்பவன் நம்மைக் கண்காணிக்க எழுதியது. சுதந்திர நாட்டில் அது நம்மைக் காக்கவும் எழுதப்பட வேண்டும்.

இனி நடைமுறைக்குச் சில விஷயங்கள். நம் பக்கத்தில் கேட்டவர்களுக்கு நான் சொல்லியவை.

ஒன்று. 2019-இல் வந்த திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. முடியும் தேதியை இன்றே பாருங்கள்.

இரண்டு. எல்லா உரிமத்துக்கும் தேசிய அளவில் ஒரு தனி அடையாள எண் இருக்க வேண்டும். பழைய புத்தகத்தில் அந்த எண் இல்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்று. சிறுமலை அடிவாரத்திலும் மற்ற மலையோரங்களிலும் பயிர்க்காவலுக்கு வாங்கிய நாட்டுத் துப்பாக்கிகள் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. உரிமம் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா காலமாகியிருப்பார். அப்படியே வைத்திருப்பது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. தாமதிக்காமல் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு பெயரில் உரிமம் கேட்கலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

நான்கு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-இல் நாம் ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப் போட்டுவிட்டோம், முடிவு ஜூன் 4-ஆம் தேதிதான் வந்தது. மார்ச்சில் கொடுத்த துப்பாக்கி ஜூனில்தான் திரும்பியது. வங்கிக் காவலர்கள் விலக்குக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எப்போது கொடுத்தாலும் துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஐந்து. ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொந்தத் துப்பாக்கி வாங்கினால், கட்டளை அதிகாரியின் கடிதத்தையும் ஆயுத அறைப் பதிவின் நகலையும் ஓய்வு பெறும் முன்பே கையோடு வாங்கி வரட்டும். என் மாணவன் பதினொரு மாதம் அலைந்த அலைச்சல் இன்னொருவனுக்கு வேண்டாம்.

பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக்கோட்டை, செங்கல்பட்டு என்று சுடும் தளம் இருக்கும் ஊர்களில் உங்களுக்கு உறவினர்கள் இருந்தால், பயிற்சி நாளை முன்கூட்டிச் சொல்கிறார்களா, கொடி ஏற்றுகிறார்களா என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த ஊருக்கு மனு எழுதித் தர நான் தயார். கிராம சபையில் வைக்கத் தீர்மானமும் எழுதித் தருகிறேன்.

பட்டாளத்துப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.